சமூகப்பணியாளரின் அறநெறியும் தொழில் அடையாளமும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குழந்தை பெற்றோரிடமே இருக்கலாமா, ஒரு முதியவர் தனியாக வாழலாமா, ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகை தொடருமா என்பதெல்லாம் பல நேரங்களில் ஒரு சமூகப்பணியாளர் எழுதும் இரண்டு பக்க அறிக்கையைப் பொறுத்து அமைகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். நமக்குத்தான் மறந்துபோகிறது. உதவி செய்ய வந்தவர் என்ற நினைப்பில், நம் கையில் இருக்கும் அதிகாரம் நம் கண்ணில் படுவதில்லை.

சமூகப்பணியின் அறநெறி முழுவதையும் இந்த அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அது புரியும் என்பது என் உறுதியான கருத்து. ரகசியம் காப்பது, ஒப்புதல் பெறுவது, எல்லை வைத்துக்கொள்வது, பதிவு எழுதுவது, மேற்பார்வைக்கு உட்படுவது எல்லாமே அந்த அதிகாரம் தறிகெட்டுப் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள். இந்தத் துறையில் படிப்பவர்களையும், வேலையில் சேர்ந்து முதல் சில ஆண்டுகளில் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையில் யாருக்கு எதைத் தரவும், மறுக்கவும், தாமதப்படுத்தவும் உங்களால் முடியும் என்று பட்டியல் போடுங்கள். பரிந்துரைக் கடிதம், வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் அறிக்கை, காத்திருப்போர் பட்டியலில் யாரை முன்னால் வைப்பது, எந்தத் தகவலைக் கூட்டத்தில் சொல்வது, எதை விடுவது எல்லாம் அதில் வர வேண்டும். நேரமும் அதிகாரம்தான். யாருடைய போனை உடனே எடுக்கிறோம், யாரை நாளைக்கு வரச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல மனசு இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குக் கனடாவின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அங்கே 1950களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை ஆயிரக்கணக்கான பழங்குடிக் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் பழங்குடியினர் அல்லாத வீடுகளில் வளர்க்கவும் தத்துக்கும் கொடுக்கப்பட்டார்கள். 'சிக்ஸ்டீஸ் ஸ்கூப்' என்று இன்று அதைச் சொல்கிறார்கள். அதைச் செய்தவர்கள் குழந்தைநலப் பணியாளர்கள். குழந்தைகளைக் காப்பாற்றுவதாகவே அவர்களில் பலரும் நம்பினார்கள். வறுமை அவர்கள் கண்ணுக்குப் புறக்கணிப்பாகத் தெரிந்தது. உறவுக்காரர்கள் கூடி வளர்க்கும் முறை, பெற்றோர் கைவிட்டதாகத் தெரிந்தது. தன் வாழ்க்கை முறையே சரியான அளவுகோல் என்று எண்ணிய நல்லவர்களால் நடந்த கொடுமை அது. முதல் படியைத் தாண்டிவிட்டுப் போக நினைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் சொந்த விழுமியங்களைக் கண்டுபிடியுங்கள்

யாரும் வெற்றுத்தாளாக இந்த வேலைக்கு வருவதில்லை. குடும்பம், மதம், சாதி, வர்க்கம், பட்ட அடிகள் எல்லாம் நம்மோடு சேர்ந்தேதான் அந்த நாற்காலியில் உட்காருகின்றன. அவற்றை வெளியே விட்டுவிட்டு வருவது நடக்கிற காரியமில்லை. ஆனால் அவை எங்கே குறுக்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கலாம்.

கீழே உள்ளவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள்: அடித்த கணவனிடமே திரும்பிப் போகும் பெண். சிகிச்சை முடிந்து வெளியே வந்த வாரமே மறுபடி குடிக்கும் இளைஞன். தன் குழந்தையை வளர்க்க விருப்பமில்லை என்று சொல்லும் தாய். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்று விடுதலையானவர். ஒவ்வொருவருக்கும் உங்கள் மனதில் எழும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எரிச்சல் எங்கே வருகிறது, பரிதாபம் எங்கே அளவுக்கு மீறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிய பரிதாபத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. எரிச்சலைவிட அது அதிகக் கெடுதல் செய்யும், ஏனென்றால் அது எதிரே இருப்பவருக்காக நாமே முடிவெடுக்கத் தூண்டும்.

அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகள் இந்த இடத்தில் உதவும். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்வை வெளிப்படுத்த இடம் தருவது, நம் உணர்வைக் கட்டுக்குள் வைத்து ஈடுபடுவது, இருப்பவரை இருக்கிறபடி ஏற்பது, குற்றம் சாட்டாமல் இருப்பது, அவருடைய முடிவை அவரே எடுக்க விடுவது, ரகசியம் காப்பது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்பவர்கள் மூன்றாவதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அதுதான் மிகக் கடினமானதாகத் தோன்றுகிறது. உணர்வே இல்லாமல் மரக்கட்டையாக இருக்க அது சொல்லவில்லை. நம் கண்ணீரைத் துடைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: நெறிமுறைக் கோவையை ஒருமுறையாவது முழுமையாகப் படியுங்கள்

1915இல் அமெரிக்கக் கல்வியாளர் ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர், மருத்துவம், சட்டம் போலச் சமூகப்பணியும் ஒரு முழுமையான தொழிலா என்று கேட்டு, இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் கேள்வி இந்தத் துறையை வெகுகாலம் உறுத்தியது. சமூகப்பணி முன்னோடிகளில் ஒருவரான மேரி ரிச்மண்ட் 1920இல் ஒரு நெறிமுறை வரைவை எழுதிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் தேசியச் சமூகப்பணியாளர் சங்கம் 1955இல் உருவாகி, 1960இல் தன் முதல் நெறிமுறைக் கோவையை ஏற்றது. அது ஒரு பக்க அளவுதான். 1979இலும் 1996இலும் பெரிய மாற்றங்களோடு விரிந்து, இன்று விரிவான ஆவணமாக நிற்கிறது. சேவை, சமூக நீதி, மனிதரின் மாண்பும் மதிப்பும், மனித உறவுகளின் முக்கியத்துவம், நேர்மை, திறமை என்ற ஆறு விழுமியங்கள் 1996 கோவையில் இடம்பெற்றவை. உலக அளவில், 2014இல் மெல்பர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணி வரையறையும், 2018இல் டப்ளினில் ஏற்கப்பட்ட அறநெறிக் கோட்பாடுகளின் அறிக்கையும் இருக்கின்றன. உங்கள் நாட்டுக்கென்று ஒரு கோவை இருந்தால் அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அதோடு சட்டம், உங்கள் நிறுவனத்தின் விதிகள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

படிக்கும்போது இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். மீறினால் நடவடிக்கை வரும் விதிகளுக்கு ஒன்று, எட்ட வேண்டிய இலட்சியங்களுக்கு இன்னொன்று. சேவைபெறுபவருடன் பாலுறவு கூடாது என்பது முதல் வகை, அதில் பேச்சுக்கே இடமில்லை. அநீதியை எதிர்த்து நிற்க வேண்டும் என்பது இரண்டாவது வகை. எப்படி, எந்த அளவுக்கு என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

படி 4: முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் பார்த்த வரையில் அதிக நம்பிக்கை உடைவது இங்கேதான். 'இங்கே பேசுவது நமக்குள்ளேயே இருக்கும்' என்று சொல்லிவிடுவது எளிது. அது பொய். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் மனதைத் திறந்த பிறகு, நீங்கள் அதை வேறு இடத்தில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், அவர் இனி எந்தப் பணியாளரையும் நம்ப மாட்டார்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாராசாஃப் வழக்கில் சொன்ன தீர்ப்பைத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொன்னவர், பின்னர் அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டார். அந்தப் பெண்ணையோ குடும்பத்தையோ யாரும் எச்சரித்திருக்கவில்லை. ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது நீதிமன்றம். எல்லா நாட்டிலும் சட்டம் இப்படியே இல்லை. ஆனால் ரகசியத்துக்கு ஒரு முடிவெல்லை உண்டு என்ற எண்ணத்தை இந்த வழக்கு உறுதியாக்கிவிட்டது.

ஆகவே முதல் சந்திப்பில் இப்படிச் சொல்லலாம்: "நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்ல மாட்டேன். சில நேரங்களில் மட்டும் சொல்லியாக வேண்டும். உங்கள் உயிருக்கோ வேறு ஒருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால். என் மேற்பார்வையாளரிடமும் உங்கள் விஷயத்தைப் பேசுவேன். அப்படி வெளியே சொல்ல வேண்டி வந்தால், முடிந்த வரை முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஏற்றபடி பட்டியலை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒப்புதல். கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. என்ன சேவை, எவ்வளவு காலம், அதில் என்ன தீமை வரலாம், வேறு என்ன வழி இருக்கிறது, மறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இதை வீட்டில் யாரிடமாவது எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நீதிமன்ற உத்தரவால் கட்டாயமாக வந்தவரிடமும் இதெல்லாம் சொல்லப்பட வேண்டும். எதை அவரால் மறுக்க முடியும், எதை முடியாது என்று பிரித்துச் சொல்வதே அவருக்கு நாம் தரும் மரியாதை.

படி 5: சிக்கல் வரும்போது அவசரப்படாமல் பிரித்துப் பாருங்கள்

இரண்டு நல்ல விஷயங்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் நெறிச் சிக்கல் உண்டாகிறது. ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம்.

78 வயது முதியவர் தனியாக வாழ்கிறார். இரண்டு முறை கீழே விழுந்துவிட்டார். தொலைவில் இருக்கும் மகள் உங்களிடம் வருகிறார். "அப்பாவால் இனி முடிவெடுக்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன்." முதியவர் சொல்வது: "என்ன ஆனாலும் சரி, இந்த வீட்டை விட்டு நான் வர மாட்டேன்."

முதல் கேள்வி, நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள்? மகள் அழுகிறார், உங்களைத் தேடி வந்ததும் அவர்தான். ஆனால் யாருடைய வாழ்க்கை மாறப்போகிறதோ அவர்தான் உங்கள் சேவைபெறுநர். இதைத் தெளிவாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அடுத்தது உண்மைகள். எப்போது விழுந்தார், எந்த இடத்தில், என்ன மருந்து சாப்பிடுகிறார், வெளிச்சம் போதுமா, பிடித்து நடக்கக் கைப்பிடி இருக்கிறதா? பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். முடிவெடுக்கும் திறனையும் ஊகித்துக்கொள்ளக் கூடாது, முறையாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் நான்கு விஷயங்களைக் கேட்கிறது: தகவலைப் புரிந்துகொள்கிறாரா, நினைவில் வைத்திருக்கிறாரா, எடைபோட்டுப் பார்க்கிறாரா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்கிறாரா. பிறருக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது என்பதும் அந்தச் சட்டத்தின் கோட்பாடு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நான்கு கேள்விகளும் பயன்படும்.

மூன்றாவது, மோதும் விழுமியங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இங்கே பாதுகாப்பும் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையும் மோதுகின்றன. எதை முன்னால் வைப்பது என்று திகைக்கும்போது சமூகப்பணி அறநெறி பற்றி நூல் எழுதிய லோவன்பெர்க், டால்காஃப் இருவரும் தந்த வரிசை உதவும். உயிரைக் காப்பது முதலில், பிறகு சமத்துவம், பிறகு தன்னுரிமை, குறைந்த தீங்கு, வாழ்க்கைத் தரம், அந்தரங்கம், கடைசியாக உண்மையை முழுதாகச் சொல்வது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். உயிர் முதலில் வருகிறது என்பதற்காக, விழக்கூடும் என்ற ஒவ்வொரு அச்சத்தையும் உயிராபத்தாக எழுதிவிடும் ஆசை வரும். அதுதான் இந்த வரிசையைத் தவறாகப் பயன்படுத்தும் வழி.

நான்காவது, குறைந்தது மூன்று வழிகளை எழுதுங்கள். இரண்டு மட்டும் இருந்தால் நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். வீட்டைப் பாதுகாப்பாக மாற்றுவது, பகலில் வந்து பார்க்க ஒருவர், அவசர அழைப்புக் கருவி, ஒரு மாதம் இல்லத்தில் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று எவ்வளவோ உண்டு. இவற்றில் முதியவரின் சுதந்திரத்தை மிகக் குறைவாகப் பறிக்கும் வழியிலிருந்து தொடங்குங்கள்.

மகள் கேட்ட கடிதம்? முதியவருக்குத் திறன் இருக்கிறது என்று நீங்கள் கண்டிருந்தால், இல்லை என்று எழுத முடியாது. அதை மகளிடம் நேராகச் சொல்ல வேண்டும். அவருடைய பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், அறிக்கையில் இடம் ஒதுக்காதீர்கள்.

படி 6: எல்லைகளை முன்கூட்டியே தீர்மானியுங்கள்

பரிசு, சொந்த போன் எண், சமூக வலைத்தள நட்பு அழைப்பு, கல்யாணப் பத்திரிகை. இவை வந்து நிற்கும் நேரத்தில் யோசித்தால் முகத்துக்காக ஒத்துக்கொண்டுவிடுவோம். எல்லையைத் தொட்டுவிட்டு வருவதும் எல்லையை மீறுவதும் வேறு வேறு. சிறிய ஊரில் வேலை செய்பவர் சேவைபெறுபவரைக் கடையிலும் பள்ளி வாசலிலும் பார்க்கத்தான் செய்வார். ஒரு குழந்தை வரைந்து கொடுத்த படத்தை வாங்கிக்கொள்வதில் தீங்கில்லை. சேவைபெறுபவரிடம் கடன் வாங்குவது, அவர் கடையில் பங்கு சேர்வது, காதல் உறவு ஆகியவை மீறல். சந்தேகம் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: இதனால் யாருக்கு நன்மை? இதை மேற்பார்வையாளரிடம் தயங்காமல் சொல்வேனா? நாளை ஒரு சேவையை மறுக்க வேண்டி வந்தால் இது என்னைத் தடுக்குமா?

சேவைபெறுபவரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்ப்பதும் எல்லை விஷயம்தான். 2017 திருத்தத்துக்குப் பிறகு அமெரிக்க நெறிமுறைக் கோவை, அப்படித் தேடுவதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும் என்கிறது. உடனடி ஆபத்து போன்ற வலுவான காரணங்களுக்கு மட்டுமே விலக்கு.

படி 7: சேவைபெறுபவர் படிப்பார் என்று நினைத்தே பதிவு எழுதுங்கள்

ஃபைலில் எழுதும் ஒரு சொல் ஒருவரைப் பல ஆண்டுகள் துரத்தும். 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதினால், அடுத்து வரும் பணியாளர் முகம் பார்க்கும் முன்பே முடிவு கட்டிவிடுவார். 'இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை. வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை என்றார்' என்று எழுதுங்கள். பார்த்தது, அவர் சொன்னது, நீங்கள் முடிவாக நினைப்பது ஆகிய மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நெறிச் சிக்கலில் எடுத்த முடிவுக்கு யாரிடம் ஆலோசித்தீர்கள், எந்த வழியை ஏன் விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். தேவையில்லாத அந்தரங்கத்தை எழுத வேண்டாம்.

படி 8: மேற்பார்வையை விடாதீர்கள்

சமூகப்பணி அறிஞர் ஆல்ஃப்ரட் கடூஷின் மேற்பார்வைக்கு மூன்று வேலைகளைச் சொன்னார்: நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. பெரும்பாலான இடங்களில் முதலாவது மட்டும் நடக்கிறது. எத்தனை கேஸ் முடிந்தது என்ற கணக்கோடு கூட்டம் கலைந்துவிடும். அப்படியானால் மற்ற இரண்டையும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். 'இந்த வாரம் என்னை உறுத்திய ஒரு முடிவு' என்று ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போங்கள். மேற்பார்வையாளர் கிடைக்காத இடத்தில், ரகசியம் காக்கும் இரண்டு மூன்று சக பணியாளர்கள் அடையாளங்களை நீக்கிவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

படி 9: நிறுவனமே தவறும்போது

சரியானது எது என்று தெரிந்தும், நிறுவனத்தின் விதியோ ஆள் பற்றாக்குறையோ அதைச் செய்ய விடாதபோது மனதில் ஏற்படும் காயத்தைப் பற்றி தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984இல் செவிலியர்களை முன்வைத்து எழுதினார். அறத் துயரம் என்ற அந்தக் கருத்து சமூகப்பணிக்கும் அப்படியே பொருந்தும். இதைத் தனிப்பட்ட பலவீனமாக எண்ணி மருகுபவர்கள் அதிகம். அது அவர்களுடைய விழுமியம் இன்னும் உயிரோடு இருப்பதன் அடையாளம்.

நடைமுறையில் படிப்படியாகப் போங்கள். முதலில் நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள். மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். உடன் வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாளை ஓரங்கட்டுவது எளிது. தொழில்முறைச் சங்கம் இருந்தால் ஆலோசனை கேளுங்கள். வெளியே புகார் செய்வதற்கு முன், உங்கள் நாட்டில் முறைகேட்டை வெளிப்படுத்துபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம்.

படி 10: நீங்கள் யார் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்

மருத்துவமனைக் கூட்டத்தில் மருத்துவர், செவிலியர், மனநல நிபுணர் எல்லாரும் பேசிய பிறகு, நீங்கள் சொல்ல என்ன மீதி இருக்கிறது? புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கே கூனிக் குறுகுவதைப் பார்த்திருக்கிறேன். குறுகத் தேவையே இல்லை. மனிதரையும் அவர் வாழும் சூழலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் தனித்தன்மை. ரிச்மண்ட் தனி மனிதரின் நிலையை முறையாக ஆராயும் வழியைக் கட்டினார். ஜேன் ஆடம்ஸ் 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூகக் குடியிருப்பு மையத்தைத் தொடங்கி, ஏழைகள் நடுவிலேயே குடியிருந்து சட்டங்களை மாற்றப் போராடினார். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்த இரண்டு ஓட்டங்களும் உங்களுக்குச் சொந்தம்.

"இவர் வீட்டுக்குப் போனால் மருந்தை யார் தருவார், வாடகையை யார் கட்டுவார் என்பதை நான் பார்க்கிறேன். இவர் என்ன விரும்புகிறார் என்பதை இந்தக் கூட்டத்தில் சொல்வதும் என் வேலை." கூட்டத்தில் இவ்வளவு சொன்னால் போதும். அடையாளம் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உறுதியாகும், சான்றிதழால் வராது. உங்களைக் கவனித்துக்கொள்வதும் இதில் சேரும். 2021இல் அமெரிக்கக் கோவையில் சுய பராமரிப்பு இடம்பெற்றபோது, அதற்கு வாய்ப்பளிக்கும் பொறுப்பு நிறுவனங்களுக்கும் உண்டு என்று சேர்த்தே சொன்னார்கள்.

படி 11: முறையாக முடியுங்கள்

உதவி தேவைப்படும் வரை நாம் இருக்க வேண்டும், தேவை தீர்ந்தபின் நீட்டிக்கக் கூடாது. முடியப்போவதைச் சில சந்திப்புகளுக்கு முன்பே சொல்லுங்கள். நீங்கள் வேலை மாறுகிறீர்கள் என்றால், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று பெயரோடு சொல்லி, முடிந்தால் நேரில் அறிமுகம் செய்துவையுங்கள். கடைசிச் சந்திப்பில், எது உதவியது, எது உதவவில்லை என்று கேளுங்கள். பதிலுக்கு விளக்கம் கொடுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுகள் எவ்வளவு காலம் வைக்கப்படும், அவற்றைப் பார்க்க வேண்டுமானால் யாரிடம் கேட்க வேண்டும், மறுபடி தேவைப்பட்டால் எப்படி வரலாம் என்ற மூன்றையும் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு ஃபைலை மூடுங்கள்.